தீயணைப்பானைத் தொந்தரவு செய்யாதிருப்பது எப்படி?

அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்குப் புதிய செயலாளராக வந்திருக்கும் அன்பருக்கு வணக்கம். உங்களுக்கு முன்பிருந்தவர் மூன்று விஷயங்களை ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார்: மோட்டார் ரூம் சாவி, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருக்கும் ஃப்ளாட்டுகளின் பட்டியல், மாடிப்படியோரம் தொங்கும் சிவப்பு உருளைகள். முதல் இரண்டும் தினமும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். மூன்றாவது அப்படியல்ல. தடையில்லாச் சான்றைப் புதுப்பிக்கும் வாரம் தவிர வேறு எப்போதும் அதைப் பற்றி ஒருவரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். அந்த அமைதி குலையாமல் இரண்டு வருடப் பதவிக்காலத்தை ஓட்ட உதவுவதே இந்தக் கையேட்டின் நோக்கம்.

வாங்குவதில் தொடங்குவோம். கடையில் ‘எதுக்கு சார் வேணும்?’ என்று கேட்பார்கள். ‘இன்ஸ்பெக்‌ஷனுக்கு’ என்று சொல்லுங்கள். மறுபேச்சில்லாமல் இருப்பதிலேயே மலிவானதாக நான்கை எடுத்து, பில் போட்டு, ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். வாய் தவறி ‘தீப்பிடிச்சா அணைக்கறதுக்கு’ என்று சொல்லிவிட்டீர்களோ, வந்தது வினை. அங்கே என்ன எரியும் என்று விசாரணை ஆரம்பமாகிவிடும். மரம், துணி, காகிதம் என்றால் ஏ வகை. பெட்ரோல், டீசல், பெயின்ட் மாதிரித் திரவங்கள் பி வகை. சமையல் காஸ் போன்றவை சி. ‘ஏபிசி’ என்று போட்டிருக்கும் உருளையில் மோனோ அம்மோனியம் பாஸ்பேட் பவுடர் இருக்கும், மூன்றுக்கும் ஆகும். தண்ணீர் உருளை ஏ வகைக்கு மட்டும். மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்ஸைடு நல்லது. உடம்பில் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இத்தனையையும் நின்று கேட்டால் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும்.

ஆகவே மலிவான தண்ணீர் உருளையையே வாங்கி வந்து, கீழ்த்தளத்தில் ஈ.பி. மீட்டர் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். ஒன்பது லிட்டர் தண்ணீரும் நாற்பது வீட்டு மின்சாரமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். போர்டில் பொறி பறக்கும் நாளில் யாராவது ஆர்வக்கோளாறில் அதை எடுத்துப் பீய்ச்சினால், தண்ணீர்த் தாரை வழியே மின்சாரம் அவர் கைக்கு வந்து சேரும். அது நடக்காமலிருக்க ஒரே வழி, உருளையை யாரும் எடுக்க முடியாதபடி செய்வது. அதற்கான ஏற்பாடுகளைக் கீழே பார்ப்போம்.

அதற்கு முன் இதைத் தொடங்கிவைத்த புண்ணியவானையும் நினைத்துக்கொள்வோம். ஜார்ஜ் வில்லியம் மான்பி என்று ஓர் ஆங்கிலேய கேப்டன். 1813-இல் எடின்பரோவில் கட்டடம் ஒன்று எரிந்தபோது மேல்மாடிகளுக்குத் தீயணைப்புக்காரர்களால் எட்ட முடியாமல் போனதைப் பார்த்தார். ஓர் ஆள் தூக்கிக்கொண்டு படியேறக்கூடிய செப்புக் கலம் ஒன்றை அடுத்த சில வருடங்களில் செய்துவிட்டார். உள்ளே பொட்டாசியம் கார்பனேட் கரைசல், அதற்கு மேல் அடைத்த காற்று, வாயில் ஒரு குழாய். இருநூறு வருடம் கழித்தும் சூட்சுமம் அதேதான். நடுவில் கார்பன் டெட்ராகுளோரைடைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, தீயில் எறியச் சொன்ன காலமும் உண்டு. சூடு பட்டால் அதிலிருந்து போஸ்ஜீன் வரும்; முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் ஆளைக் கொன்ற அதே வாயு. அதையெல்லாம் தாண்டி வந்த சாதனம் இது. கடைசியில் லிஃப்ட் பக்கத்தில் நின்று, இரண்டாவது மாடி மாமியின் நனைந்த குடையையும் பால் பாக்கெட் பையையும் சுமக்க வேண்டும் என்று மான்பி கனவு கண்டிருக்க மாட்டார்.

மாட்டும் இடம் முக்கியம். கட்டடத்தில் எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஓர் உருளை கைக்குக் கிடைக்க வேண்டும், கண்ணில் படும்படி, வெளியேறும் வழியோரமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. நீங்கள் அழகுணர்ச்சி உள்ளவர். ஷூ ராக்குக்குப் பின்னால், தொட்டிச் செடிக்கு அந்தப் பக்கம், யாரோ ஊருக்குப் போனபோது விட்டுப்போன சைக்கிளுக்கு நடுவில் என்று இடமா இல்லை? சமையலறையில் வைப்பதாக இருந்தால் அடுப்புக்கு நேர் மேலே ஆணி அடியுங்கள். அடுப்பு எரியும்போது அதன் மேல் கையை நீட்டித்தான் எடுக்க வேண்டும் என்பதால் யாரும் எடுக்க மாட்டார்கள். வாசல் நிலையோரம் வைத்தால், வெளியே ஓடுகிறவர்கூட ஒரு நிமிடம் யோசித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடக்கூடும். எதற்கு வம்பு?

இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் பூட்டி வையுங்கள். நியாயமான காரணமும் இருக்கிறது: பித்தளை மூக்கைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார்கள். பூட்டிவைக்கும் முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மாதிரி உரையாடல்:

‘அண்ணே, படிக்கட்டுக்குக் கீழ இருந்த சிலிண்டர் எங்க?’

‘மோட்டார் ரூம்ல பத்திரமா இருக்கு தம்பி.’

‘சாவி?’

‘செகரெட்டரி சார்கிட்ட.’

‘அவரு வீட்ல பூட்டியிருக்கே?’

‘பேரனுக்குக் காது குத்துன்னு கோயமுத்தூர் போயிருக்காரு. திங்கக்கிழமை வந்துருவாரு. அவசரமா தம்பி?’

அலுவலகங்களில் வேறு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. புகை பரவாமல் தடுப்பதற்காகத் தானே மூடிக்கொள்ளும் கதவு மாடிப்படி வாசலில் இருக்கும். டீ கொண்டுவரும் பையனுக்கு அது தொல்லை. உருளையை அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டால் கதவும் மூடாது, உருளையும் இடத்தில் இருக்காது. ஒரே அசைவில் இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகளையும் முடித்து வைக்கும் இந்த முறையை யார் கண்டுபிடித்தார்களோ, மான்பிக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு படம் மாட்டலாம்.

பழைய சினிமா தியேட்டர்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் தொங்கும் சிவப்பு மணல் வாளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் சாயும். ஆகவே தண்ணீர் பிடிக்கவும் சிமென்ட் கலக்கவும் யாரும் எடுத்துப்போக மாட்டார்கள் என்ற கணக்கு. நம் ஆட்கள் வாளியை இடம் மாற்றவே இல்லை. தொங்கிய இடத்திலேயே அதற்கு வேறு உபயோகம் கண்டார்கள். வெற்றிலை எச்சிலும் பீடித் துண்டும் போக மீதி இருப்பதே மணல்.

இனி பராமரிப்பு. வருடத்தில் ஒரு முறை, ஆயுத பூஜையன்று, உருளையைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது தவறக் கூடாது. பொட்டு வைக்க வாகான வட்டமாக, கைப்பிடிக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவில் ஒரு கண்ணாடி இருக்கும். அதுதான் கேஜ். உள்ளே ஒரு முள், பச்சைப் பட்டை ஒன்று, இரு பக்கமும் சிவப்பு. முள் பச்சையில் நின்றால் அழுத்தம் சரி. இடது சிவப்புக்குச் சாய்ந்தால் காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். குங்குமம் அதன் மேல் கெட்டியாகக் காய்ந்துவிட்டால் இந்தக் கவலையெல்லாம் அடுத்த சரஸ்வதி பூஜை வரை கிடையாது. கார்பன் டை ஆக்ஸைடு உருளையில் கேஜே கிடையாது என்பதால் அதற்குப் பொட்டு வைக்கச் சரியான இடம் அமைவதில்லை. அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். எடை போட்டவர் யாரையும் இதுவரை அபார்ட்மென்ட் வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். பிளாஸ்டிக் உறைக்குள், மாதவாரியாகக் கட்டம் போட்டு, சோதித்தவர் கையெழுத்திட வேண்டிய அட்டை. அதை எப்படி நிரப்புவது என்பதில்தான் செயலாளரின் திறமை தெரியும். உட்கார்ந்த இடத்தில், ஒரே நீலப் பேனாவில், ஜனவரி முதல் டிசம்பர் வரை மளமளவென்று போட்டுவிடலாம். ஒரு எச்சரிக்கை: ஆகஸ்டில் இருந்துகொண்டு நவம்பருக்கும் கையெழுத்துப் போட்டிருந்தால், ஆய்வுக்கு வருகிறவர் கொஞ்சம் கூர்மையானவராக அமைந்துவிட்ட நாளில் சங்கடம். பேனாவையாவது மாற்றுங்கள். நடுநடுவே ஒரு மாதத்துக்குப் பச்சை மை.

வெள்ளையடிக்கும்போது பெயின்டரிடம் ‘அதையும் ஒரு கோட் அடிச்சுடுங்க’ என்று சொல்ல மறக்காதீர்கள். அவர் கை தாராளமானவர். எப்படிப் பயன்படுத்துவது என்று படம் போட்டிருக்கும் லேபிள், தயாரித்த வருடம், மொத்த எடை, கேஜின் கண்ணாடி எல்லாவற்றின் மேலும் சிவப்பு எனாமல் பளபளக்கும். அடிப்பாகத்தில் துரு ஏறியிருந்தால் அதுவும் மறையும். தினம் கழுவிவிடும் ஈரத் தரையில் வருடக்கணக்காக நிற்கும் உருளைக்கு அடியில்தான் முதலில் அரிக்கும். இங்கே மட்டும் கொஞ்சம் நேராகச் சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த உருளையில் மறுபடி அழுத்தம் ஏற்றினால் அது வெடிக்கும். நிரப்புகிறவரின் கை, முகம் எதுவும் அதற்குத் தடையில்லை. அதனால்தான் பவுடர், தண்ணீர் உருளைகளை மூன்று வருடத்துக்கு ஒரு முறையும், கார்பன் டை ஆக்ஸைடு உருளையை ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். சரி, கையேட்டுக்குத் திரும்புவோம்.

ரீஃபில் செய்ய ஏ.எம்.சி. எடுத்தவர் வருடத்துக்கு ஒரு நாள் பைக்கில் வருவார். நான்கு உருளைகளையும் எடுத்துக்கொண்டு போய் மாலையில் கொண்டுவருவார். சிலர் அந்தச் சிரமமும் வைத்துக்கொள்வதில்லை. அட்டையை மட்டும் மாற்றிவிட்டு, ‘டன் சார்’ என்று கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே பழைய பவுடர் ஈரம் கோத்துக் கட்டியாகி, அடியில் ஒரு கல்லாக உட்கார்ந்திருக்கும். உருளையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காதோரம் வைத்துக் கேட்டால் பவுடர் சரசரவென்று வழிந்து இறங்குகிறதா, இல்லையா என்று தெரியும். அப்படிக் கேட்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். ‘செகரெட்டரிக்கு என்னவோ ஆயிடுச்சு’ என்று பேச்சு வரும்.

பயிற்சி என்று ஒரு சங்கடம் இருக்கிறது. தீயணைப்புத் துறையினர் கேட்டால் வந்து செய்து காட்டுவார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் என்றே ஒன்று உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கைன் என்ற கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே பருத்தி மூட்டைகளும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். நமக்கு வசதி என்னவென்றால், அந்தத் தேதியில்தான் சித்திரை முதல் நாளும் வருகிறது. வடை பாயசம் முடித்து மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் யார் கீழே இறங்கி வருவார்கள்? தப்பித் தவறி நிகழ்ச்சி நடந்துவிட்டால், எரியும் காஸ் சிலிண்டர் வாயில் ஈரச் சாக்கைப் போர்த்தி வீரர் அணைப்பதை எல்லோரும் செல்போனில் எடுப்பார்கள். ‘யாராவது வந்து இந்த லிவரை அழுத்திப் பாருங்க’ என்று அவர் கூப்பிடும்போது, எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் இரண்டடி பின்னால் நகர்வார்கள். வாட்ச்மேனை முன்னால் தள்ளிவிடுவார்கள். அவர் ஒருவர் மட்டுமே கற்றுக்கொள்வார். அடுத்த மாதம் ஏஜென்சி அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிடும்.

இவ்வளவையும் மீறி ஒரு நாள் தீப்பிடித்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். பதறாதீர்கள். கையேடு அதற்கும் இருக்கிறது.

முதலில், 101-ஐயோ 112-ஐயோ அழைக்காமல், அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் ‘ஏதோ கருகுற வாசனை வருதே, யார் வீட்ல?’ என்று போடுங்கள். ‘எங்க வீட்ல இல்லை’ என்று முப்பத்தொன்பது பதில்கள் வரும்வரை காத்திருங்கள். வராத ஒன்றுதான் அந்த வீடு.

பிறகு உருளையை எடுங்கள். ஆறு கிலோ பவுடர் என்றால் உருளையோடு சேர்த்துப் பத்து கிலோவை ஒட்டி வரும். கைப்பிடியையும் லிவரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்னை இழுங்கள். வராது. இன்னும் இறுக்கி, இன்னும் பலமாக இழுங்கள். அப்போதும் வராது. லிவரை அழுத்தினால் பின் அதற்குள் சிக்கிக்கொள்ளும். உருளையைத் தரையில் நிறுத்தி, லிவரைத் தொடாமல், வளையத்தை ஒரு திருகு திருகினால் பிளாஸ்டிக் சீல் அறுந்து பின் சுளுவாகக் கையோடு வந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தை யாருக்கும் சொல்லித்தராமல் இருந்தாலே போதும், பாதி உருளைகள் புத்தம் புதிதாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பின் வந்துவிட்டது என்றால் தீயின் உச்சியைப் பார்த்து அடியுங்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். எரிவது அடியில் இருக்கும் பொருள் என்பதால் தீக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்து, தீயின் வேரை நோக்கி இடமும் வலமுமாக வீசி அடித்தால் அணைந்துவிடும் அபாயம் உண்டு. மொத்தம் பத்து முதல் இருபது விநாடிதான் கணக்கு. அதற்குள் உருளை காலி. வீட்டில் யார் முன்னால் போவது என்ற வாக்குவாதமே அதைவிட நீளம்.

எண்ணெய்ச் சட்டி விஷயம் தனி. தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது சட்டி பற்றிக்கொண்டால், காஸை நிறுத்திவிட்டு ஒரு பெரிய தட்டைக் கவிழ்த்தால் முடிந்தது. ஆனால் கை தன்னாலேயே தண்ணீர்ச் சொம்பைத்தான் தேடும். கொதிக்கும் எண்ணெய்க்குள் இறங்கிய தண்ணீர் நீராவியாக ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும்; எண்ணெயையும் கூடவே கூரை வரை அழைத்துப்போகும். பவுடர் உருளையைக் கிட்டத்தில் வைத்து அடித்தாலும் அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் சிதறும். காஸ் கசிந்து எரிந்தால் ரெகுலேட்டரை மூடாமல் நெருப்பை மட்டும் அணைத்துவிட்டுப் பெருமையாக நிற்கலாம். காஸ் அறை முழுக்கச் சத்தமில்லாமல் நிறைந்து, ஃப்ரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும் நேரத்துக்காகக் காத்திருக்கும். படிக்கட்டுக்குக் கீழே சார்ஜில் போட்ட மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி பற்றினால் பவுடர் அடித்துக் கொஞ்சம் அடங்கியதும் ‘அணைஞ்சிருச்சு’ என்று கிட்டே போய்ப் பாருங்கள். உள்ளே சூடு குறைந்திருக்காது, மறுபடி கிளம்பும். கார்பன் டை ஆக்ஸைடு உருளை என்றால் கறுப்புக் கூம்பைக் கையால் இறுகப் பிடியுங்கள். மைனஸ் 78 டிகிரிக் குளிர் சென்னையில் வேறெங்கே கிடைக்கும்? தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

எப்போது விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். உங்கள் உயரத்துக்கு மேல் எழுந்த தீயும் கூரையில் புகை படர்ந்த அறையும் இந்த உருளையின் வேலையே அல்ல. 2017 மே 31 அதிகாலையில் தி.நகரில் பற்றிய ஜவுளிக்கடைக் கட்டடத்தைத் தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்து நின்றே காப்பாற்ற முடியவில்லை. கடைசியில் இடித்துத்தான் தள்ளினார்கள். தீயில் சாகிறவர்களில் பெரும்பாலானோர் வெந்து சாவதில்லை, புகையில் மூச்சு முட்டிச் சாகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டவர் லிஃப்டைத் தொடாமல், கதவை மூடிக்கொண்டு, படியில் இறங்கிவிடுவார். தெரியாதவர் பாஸ்புக்கை எடுக்க உள்ளே போவார்.

கடைசியாக, தீ அணைந்த பிறகு. இரண்டு விநாடிதான் அழுத்தினீர்கள், கேஜ் இன்னும் பச்சையில் நிற்கிறது என்றால் துடைத்து அப்படியே மாட்டிவிடுங்கள். வால்வின் இருக்கையில் பவுடர் துகள் மாட்டிக்கொண்டு இரண்டொரு நாளில் காற்று முழுக்க இறங்கிவிடும். ஒரு முறை தொட்டாலே மறுபடி நிரப்ப வேண்டும் என்ற விதி நிரப்புகிறவர்களின் பிழைப்புக்காக ஏற்பட்டது என்று கமிட்டியில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அதை மறுக்காதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவைக் கூட்டுங்கள். ரீஃபில் செலவு பொது நிதியிலிருந்தா, தீப்பிடித்த ஃப்ளாட்டிலிருந்தா என்ற ஒரே பொருள்தான் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். காரிடார் முழுக்கப் படிந்த பவுடரைக் கழுவிய கூலி, கார் மேல் விழுந்ததைத் துடைத்த கூலி, ஒரு மணி பிளான்ட் என்று கணக்கு வளரும். தீப்பிடித்த வீட்டுக்காரர், ‘நான் அணைக்கவே இல்லையே, எதிர் வீட்டுத் தம்பிதானே எடுத்து அடிச்சாரு?’ என்பார். அதில் நியாயம் இருக்கிறது. அசோசியேஷன் சொத்தை எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் எடுத்து அடித்தவர் அவர்தான். வாடகைக்கு இருப்பவராக வேறு இருப்பார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும். பில்லை அவர் வீட்டு ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.